பேனர்காரர் பதில்கள்: உருளைக்கிழங்கும் எம்.ஜி.ஆரும்

கேள்வி: தாத்தா வைத்திருந்த எம்.ஜி.ஆர். படம் பரணில் கிடைத்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு கையால் வரைந்தது. பழுப்பேறி, கன்னத்தில் பெயின்ட் உரிகிறது. உருளைக்கிழங்கை நறுக்கித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? இல்லை, புதிதாகப் பெயின்ட் பூசச் சொல்லட்டுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: உருளைக்கிழங்கைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள். படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஈரம் பட்டால் படம் வரைந்த துணி விரிந்து சுருங்கி அசையும். காய்ந்து இறுகிய பெயின்ட் அதோடு சேர்ந்து அசையாது, வெடித்து உரிந்துவிடும். மிச்சம் ஒட்டியிருக்கும் கிழங்கு மாவு பூஞ்சைக்கு விருந்து.

முதலில் அது வரைந்ததுதானா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுப் படம். ஜன்னலோரம் சாய்த்துப் பிடிக்கும்போது தூரிகை ஓடிய தடம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தால் ஆயில் பெயின்ட். பெயின்டில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கிடந்தால் மஞ்சள் பாயும். பரணைவிட்டு வெளிச்சமான அறைக்கு வந்தாலே கொஞ்சம் தெளியும். நேர் வெயில் மட்டும் கூடாது. உரிகிற இடத்தில் தூசிகூடத் தட்டாமல், முகம் மேலே பார்க்கப் படுக்கவையுங்கள். அப்புறம் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் விசாரியுங்கள். பழம்பொருள்களைப் பாதுகாக்கும் ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது.

புதிதாகப் பூசுவதா? என் கதையைக் கேளுங்கள். என் குருநாதர் வரைந்த சிவாஜி படத்தைப் பிரேம் போடக் கொடுத்திருந்தேன். கடைப் பையன் பாவம், நல்லது செய்வதாக நினைத்து மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டான். இடது கன்னத்து நிழல் முழுக்கத் துணியோடு வந்துவிட்டது. நானே உட்கார்ந்து அந்தக் கன்னத்தை மறுபடி வரைந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கோ அந்தப் படத்தில் அந்தக் கன்னம் மட்டும்தான் தெரிகிறது. உங்கள் தாத்தா பார்த்த முகத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய பேனர்களில் எம்.ஜி.ஆர். முகம் ரோஜா நிறம், கழுத்தோரம் நீலம். நிஜத்தில் யாருக்கு இப்படி இருக்கும்?
– மதுரை வாசகி

பதில்: யாருக்கும் இருக்காது. எங்கள் கைக்கு வரும் ஸ்டில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான், கலர் எங்கள் பாடு. ஸ்டில் மேல் சின்னச் சின்னதாகக் கட்டம் போடுவோம். துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றுவோம். மூக்கு ஒன்றே ஆள் உயரம் வந்துவிடும். கிட்டே நின்றால் மூக்கா முழங்காலா என்றே புரியாது. சாரத்திலிருந்து இறங்கி வந்து, தூரமாகப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவோம். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் முகம் சேறு பூசியதுபோல் ஆகிவிடும். நீலம் வைத்தால் ஐம்பதடி தள்ளி, பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அதுவே நிழல். ரோஜா விஷயம் வேறு. ‘வாத்தியார் கலர் கம்மியா இருக்கே’ என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் இரண்டு கை கூடுதலாகவே போட்டுவிடுவோம்.

கேள்வி: வரைவதற்குக் கஷ்டம் எம்.ஜி.ஆரா, சிவாஜியா?
– சேலம் வாசகர்

பதில்: சிவாஜி. வேஷத்துக்கு வேஷம் முகமே மாறிவிடும். எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கண்ணாடியும் போட்டால் பாதி வந்துவிடுவார். மோவாய்க் குழியைச் சரியான இடத்தில் வைத்தால் மீதியும் வந்துவிடும். ஆனால் துப்பாக்கிக் குண்டு பட்டபிறகு, கழுத்தில் கட்டோடு, 1967 தேர்தலுக்குப் போஸ்டராக வந்த போட்டோவைப் பாருங்கள். தொப்பியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒருமுறை அதை வரைய உட்கார்ந்து மூன்று தடவை அழித்தேன். கண்ணில் சோர்வும் இருக்கணும், வாத்தியார் கண்ணாகவும் இருக்கணும். நாலாவது தடவையும் சோர்வு மட்டும்தான் வந்தது.