வீட்டில் ஷிபோரி (துணியை மடித்துக் கட்டிச் சாயத்தில் முக்கி, கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும்படி கோலம் எடுக்கும் ஜப்பானிய முறை) போட்டால் வெள்ளைக் கோடே விழாமல் எல்லாம் நீலமாகிவிடுகிறது. கட்டு போதாதா?

என் முதல் மூன்று துணிகளுக்கும் இதே கதிதான். ஷிபோரி என்ற சொல்லே பிழிவது, முறுக்குவது என்று பொருள்படும் ஜப்பானிய வினையிலிருந்து வந்தது. அதனால் எல்லோரும் கட்டைத்தான் குறை சொல்வார்கள். நானும் விரல் சிவக்க இறுக்கிப் பார்த்தேன், பயனில்லை.

உலர்ந்த துணியைத் தொட்டியில் போட்டதுதான் என் தவறு. காய்ந்த பருத்தி, திரி எண்ணெயை இழுப்பது போலச் சாயத்தை மடிப்பின் உள்வரை இழுத்துக்கொள்ளும். மடித்துக் கட்டிய பிறகு அரை மணி நேரம் வெறும் நீரில் ஊறவிடுங்கள். உள்மடிப்பில் நீர் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டால் சாயம் எளிதில் நுழையாது. வெளியே எடுத்துக் கையால் அழுத்திப் பிழிந்துவிட்டு முக்குங்கள்.

அதற்கும் முன்பு, கடைத் துணியின் கஞ்சி போக வேண்டும். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் நீர் தேநீர் நிறத்தில் இறங்கும், பார்த்தால்தான் நம்புவீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டாம்.

தொடக்கத்துக்கு இத்தாஜிமே போதும்: விசிறிபோல் மடித்து, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்குவது. குழாயில் சுற்றி நூல் கட்டிச் சுருக்கும் அராஷியில் சாய்ந்த மழைக்கோடுகள் விழும். அராஷி என்றால் புயல். புள்ளி புள்ளியாகக் கட்டும் கனோகோ நம் மதுரைச் சுங்குடியின் உறவுக்காரி. ஒரு கைக்குட்டையில் இருபது முடிச்சு போட்டதும் நான் கும்பிடு போட்டுவிட்டேன்.

தொட்டிக்கு எடைக் கணக்கில் அவுரிநீலம் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2, பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் 3. சிக்கனம் பார்த்துச் சமையலறைச் சர்க்கரையைக் கொட்டினேன். நீலம் கரையவே இல்லை. நீலத்தை ஒடுக்கி, அதாவது ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான மாற்றத்துக்கு உள்ளாக்கி, கரையச் செய்யும் ஆற்றல் அந்தச் சர்க்கரைக்கு இல்லை. கலவை மஞ்சள் கலந்த பச்சையாகி, மேலே செம்பு நிற ஏடு படிந்தால் தயார். சுண்ணாம்பு தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

இரண்டு மூன்று நிமிடம் அமைதியாக முக்குங்கள், கலக்காதீர்கள். காற்றுக் குமிழி புகுந்தால் தொட்டி கெடும். அடியில் தேங்கிய மண்டியிலும் துணி படக் கூடாது. வெளியே எடுத்ததும் பச்சை கண்ணெதிரே நீலமாகும். அடர்த்தி வேண்டுமானால் திரும்பவும் முக்குங்கள். ஒரே முக்கில் நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம்.

அவசரப்பட்டு அவிழ்ப்பது இன்னொரு குற்றம். கட்டோடு நன்றாக அலசுங்கள், ஒட்டாத சாயம் வெளியேறட்டும். பிறகு அவிழ்த்து, கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் மிச்சச் சுண்ணாம்பும் போய்விடும்.