அலையில் வீசும் பெரிய மர லூரைக் கையால் செய்வது வீண் வேலையா?

கடையில் பிளாஸ்டிக்கில் நல்ல லூர், அதாவது மீனை ஏமாற்றும் பொய் இரை, கிடைக்கும்போது, ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற கோடு போட்ட பெரிய கடல் மீனைப் பிடிக்க எட்டு அங்குல மரத் துண்டைக் கடைந்து பெயின்ட் அடித்து அலைக்குள் வீசுவது நேர விரயம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாஸ்டன் பக்கம் புதிதாக வந்தவராக இருக்கலாம். அலுவலக நண்பர் யாராவது தன் கேரேஜைக் காட்டியிருப்பார், அதிலிருந்து வந்த கேள்வி என்று நினைக்கிறேன்.

லாபம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீடர் மரம், எஃகுக் கம்பி, தூண்டில் முள், எபாக்சி எல்லாம் கூட்டினால் கடை விலை பக்கத்தில் வந்துவிடும். மரம் கடையும் லேத் வாங்கிய காசு தனி. ஆனால் 'வீண்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் தாத்தா தூத்துக்குடியில் வள்ளம் கட்டிய ஆசாரி. அயனிப் பலகையை விரல் மொட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, இது தண்ணீருக்குப் போகும், இது கதவுக்குத்தான் ஆகும் என்று பிரித்து வைப்பார். அப்பா என்னைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. "உளியத் தொட்டா கைய ஒடிச்சிருவேன், போய்ப் படிடா" என்பார். அவர் பட்ட பாடு அப்படி, அவரைக் குறை சொல்லவில்லை. படித்தேன், இங்கே வந்தேன். நாற்பது வயதுக்கு மேல் பழைய லேத் ஒன்றை வாங்கி கேரேஜில் வைத்தேன். தாத்தாவின் உளிகள் இருந்திருந்தால் கொண்டு வந்திருப்பேன். வீட்டை இடித்துக் கட்டியபோது அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. இன்றைக்கு வரை ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இந்த மர லூருக்கு மரமீன் என்று பெயர், மகள் வைத்தது. என் முதல் மரமீனை அழகாகக் கடைந்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பிறகு நடுவில் துளை போட்டேன். டிரில் வளைந்து போய் விலாவில் வெளியே வந்துவிட்டது. அடுத்த மூன்றும் அப்படியே. துளையை முதலில், மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே, இரண்டு முனையிலிருந்தும் பாதிப் பாதியாகப் போட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அந்தத் துளை வழியாகத்தான் எஃகுக் கம்பி மூக்கிலிருந்து வால்வரை போகிறது. வயிற்று முள் சுவிவல் என்ற சுழலும் வளையத்தில் தொங்கும், அந்தச் சுவிவலும் இதே கம்பியில்தான் கோத்திருக்கும். பெரிய மீன் மரத்தையே பிளந்தாலும் முள்ளும் தூண்டில் நரம்பும் பிரியாது.

அப்புறம் ஈயம். வயிற்றில் எவ்வளவு, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெயின்டுக்கு முன்னால், முள்ளெல்லாம் மாட்டி, குளியல் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்ப்பேன். ஒரே கட்டையில் அறுத்த இரண்டு துண்டுகூட ஒரே மாதிரி மிதக்காது. ஒன்று முதுகு மட்டும் தெரிய நேராக நிற்கும், இன்னொன்று பக்கவாட்டில் சாயும். சாய்ந்தால் அலையில் சுற்றிச் சுற்றி வரும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. அரை கிராம், ஒரு கிராம் என்று சேர்த்துக் குறைத்துச் சரிசெய்வேன். பிறகு ஆளிவிதை எண்ணெயும் தின்னரும் கலந்து ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு வாரம் காயவிடுவேன். அவசரப்பட்டால் பெயின்ட் கொப்பளிக்கும். லூரின் வாயில் வைக்கும் உலோகத் தகட்டை ஒரு மயிரிழை வளைத்தாலே போதும், தண்ணீரின் மேலேயே நெளிவதா அமிழ்ந்து ஓடுவதா என்பது மாறிவிடும்.

இதைப் பணக்காரப் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கரையில் இது உழைப்பாளிகள் வளர்த்த தொழில். பாஸ்டனுக்குத் தெற்கே கேப் காட் கால்வாய்ப் பக்கம் ஸ்டான் கிப்ஸ் என்ற மனிதர் மரம் கடைந்து லூர் செய்தே பேர் வாங்கினார். கால்வாயோரம் அவருக்கு வெண்கலச் சிலையே இருக்கிறது. தூண்டில்காரனுக்குச் சிலை வைத்த ஊர் இது.

என் மரமீன் வேலை செய்தது ஒரு அக்டோபரில், ரோட் ஐலண்டின் தெற்குக் கரையில். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வடக்கே கோடையைக் கழித்த பாஸ் மீன்கள் தெற்கே திரும்பும் பருவம். காற்றில் நறுக்கிய தர்பூசணி வாசம் வந்தது. எண்ணெய் மீன் கூட்டத்தைப் பெரிய மீன்கள் கலைத்துத் தின்னும்போது அப்படி மணக்கும் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பதினொரு அடித் தூண்டில் கம்பால் வீசினேன். மூன்று அவுன்ஸ், கிட்டத்தட்ட 85 கிராம். எதிர்காற்றில் இந்த மாதிரி லூர் தூரம் போகாது, அன்றைக்கு நல்லவேளையாகக் காற்று முதுகுப் பக்கம். மெதுவாகச் சுற்றினேன். கம்பின் நுனி டக், டக் என்று ஆடுவது கைக்குத் தெரிந்தது. அந்த ஆட்டம் நான் வளைத்த தகடு, நான் ஊற்றிய ஈயம். திடீரென்று அது நின்றது. அடுத்த நொடி ரீல் அலறியது.

கரைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. 41 அங்குலம். தலைவிளக்கில் விலாவின் கறுப்புக் கோடுகளை எண்ணினேன், ஏழு. வால் பக்கமிருந்து அலை வந்து அதன் மேல் மோதியது. முள்ளைக் கழற்றி, கீழ்த்தாடையைப் பிடித்து, தலையை அலைக்கு எதிராக வைத்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் வாலை ஒரே உதறாக உதறிப் போய்விட்டது.

ஊரில் இதைச் சொன்னால் "பிடிச்ச மீன விட்டுட்டியா?" என்று சித்தப்பா இன்றும் கேட்கிறார். இங்கே சட்டம் அப்படி. 2023 மே மாதத்திலிருந்து கடலோரத்தில் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்துக்கு உள்ளாகவும் இருந்தால்தான் எடுக்கலாம், அதுவும் நாளுக்கு ஒன்றே ஒன்று. 41 அங்குலத்தில் இருப்பது பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன். விதி இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன். முள் குத்துவது வதை இல்லையா என்று கேட்பவர்களும் வருவார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் வாலில் மூன்று கொக்கி உள்ள முள் இல்லாமல் ஒற்றைக் கொக்கி முள் மட்டும் போடுகிறேன், எல்லா முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து லேத் சத்தம் என்று எனக்குக் கடிதம் வந்தது. ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம், கேரேஜ் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை. காலை ஏழு மணிக்கு இலை ஊதும் இயந்திரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் அலறவிடுகிறார்கள், அதற்குக் கடிதம் இல்லை. மரம் இழைக்கிற சத்தம் மட்டும் எப்படி இவர்களுக்குத் தொந்தரவு ஆகிறது?

உங்களுக்குச் செய்து பார்க்க ஆசை இருந்தால், ஒன்றரை அங்குலச் சதுரத்தில் வெள்ளை சீடர் கட்டை வாங்குங்கள். எட்டு அங்குலத்துக்கு அறுத்து, இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு இழுத்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். லேத்தைத் தொடுவதற்கு முன் துளை.