திருகோணமலை உப்புவெளியின் வெப்பத்தில் மின்சாரக் காரை இரவு முழுவதும் சார்ஜில் விடலாமா?

பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் வாங்கியிருக்கும் உங்கள் கேள்வி, இரவு முழுவதும் செருகி வைத்தால் பற்றரி தீப்பிடிக்குமா என்பது. காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு, பற்றரி நிறைந்ததும் மின்னோட்டத்தைத் தானாகவே நிறுத்திவிடுவதால், செருகி வைத்திருப்பது மட்டுமே தீவிபத்துக்குக் காரணமாகாது.

நான் அஞ்சுவது சுவரில் உள்ள பிளக்கைத்தான். சாதாரண 13 அம்பியர் பிளக்கில் 10 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 2.3 கிலோவாற்றுதான் கிடைக்கும். 24 கிலோவாற்று மணி கொண்ட முதல் தலைமுறை லீஃபை வெறுமையிலிருந்து நிரப்பப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாகும். அவ்வளவு நேரம் தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தில், கடற்காற்றின் உப்பால் துருவேறித் தளர்ந்த இணைப்புகள் சூடாகி உருகக்கூடும். ஆகவே தனி வயர் இழுத்து, நில இணைப்பையும் ட்றிப் சுவிட்சையும் தகுதியுள்ள மின்னியலாளரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வெப்பம். உங்களுடையதுபோன்ற பழைய லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று அடிக்கும் நாட்களில், ஓடி வந்த சூட்டோடு வேகச் சார்ஜ் செய்வதும், நூறு சதவீதம் நிரப்பி வெயிலில் நிறுத்துவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். இரவில், 80 சதவீதம் வரை ஏற்றுவது நல்லது. கொழும்புக்குப் போவதானால் மட்டும் புறப்படுவதற்குச் சற்று முன் முழுமையாக நிரப்பலாம்.

காரின் அடியில் கல் இடித்திருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ, சார்ஜில் போடாமல் வீட்டிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கு அனுப்புங்கள்.