சிங்கப்பூரில் பிரிந்து வாழும்போது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம்பளத்தில் எத்தனை சதவீதம் தர வேண்டும்?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான்: தன் சம்பளம் 5,200 வெள்ளி, மனைவியின் சம்பளம் 2,800. பிள்ளைகள் இருவர், மூத்தவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 4. மூன்று மாதமாக மனைவியும் பிள்ளைகளும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், இவர் வாடகை அறையில். எத்தனை சதவீதம் தர வேண்டும்? பிள்ளைகளைப் பார்க்க விடாவிட்டால் பணத்தை நிறுத்தலாமா?

சதவீதம் என்று ஒன்று இங்கே கிடையாது. 25 சதவீதம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது கடல் தாண்டி வந்த கணக்கு. இந்திய உச்ச நீதிமன்றம் 2017ல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் கால் பங்கு மனைவிக்கு நியாயம் என்று சொன்னது. அதை வைத்துச் சென்னையில் எடுத்த வீடியோக்கள் இன்றும் ஈசூன் வரைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. "ஜீவனாம்சம்", "125ஆம் பிரிவு" என்ற இந்தியச் சட்டச் சொற்கள் வந்தாலே அந்த வீடியோவை மூடிவிடலாம். இங்கே நடப்பது சிங்கப்பூரின் குடும்பச் சட்டமான மாதர் சாசனத்தின்படி. அதில் எண்ணே இல்லை. காரணிகள்தான் இருக்கின்றன: இருவரின் வருமானம், சம்பாதிக்கும் திறன், சொத்து, தேவை, பிரிவதற்கு முன்பு குடும்பம் வாழ்ந்த தரம், வயது, மணவாழ்வின் நீளம், பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்பது.

அப்படியானால் நீதிபதி எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்? செலவுப் பட்டியலிலிருந்து. இந்த விஷயத்தில் பாதி வெற்றி தோல்வி அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் அதை முந்தின நாள் இரவு உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

உங்கள் எண்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைச் செலவுகள் என் ஊகம், உங்கள் வீட்டு ரசீதுகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வருமானம். 5,200ல் சிபிஎஃப் (மத்திய சேம நிதி) 20 சதவீதம் 1,040 போகும். சம்பளச் சீட்டில் கடைசி வரியில் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 9 வெள்ளி இருக்கும். கையில் 4,151. மனைவிக்கு 560ம் சிண்டா 7ம் போக 2,233. இரண்டையும் சேர்த்தால் 6,384, அதில் உங்கள் பங்கு ஏறக்குறைய 65 சதவீதம். இந்த 65ஐ ஞாபகத்தில் வையுங்கள், ஆனால் அதைச் சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூத்தவன் செலவு. அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் குடிமக்கள் பிள்ளைக்கு மாதக் கட்டணம் அதிகபட்சம் 13 வெள்ளி. கேண்டீன் காசு நாளுக்கு 3 என்றால் 20 பள்ளி நாளுக்கு 60. மாணவர் பராமரிப்பு நிலையம் 280, துணைப்பாடம் 160, வீட்டுச் சாப்பாடு 240, பேருந்து ரயில் 30, துணிமணி காலணி 40, மருத்துவம் பல் 30, காப்புறுதி 55. ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகம், சீருடைக்கு 180 ஆனால் அதை 12ஆல் வகுத்து 15. மொத்தம் 923. சின்னவளுக்கு மானியம் போகப் பாலர் பள்ளி 300, சாப்பாடு 200, துணி 40, மருந்து 40, காப்புறுதி 45, இதர 30. மொத்தம் 655. தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் 240 என்றால் அந்த வீட்டில் இருப்பது மூவர், ஆக பிள்ளைகள் பங்கு 160. கூட்டினால் 1,738. அதில் 65 சதவீதம் சுமார் 1,130.

இப்போது உங்கள் சொந்தச் செலவு. அறை வாடகை 900, சாப்பாடு 600, போக்குவரத்து 130, கைப்பேசி 30, பெற்றோருக்கு 300. மொத்தம் 1,960. 4,151ல் இதைக் கழித்தால் 2,191 நிற்கிறது. ஆகவே 1,130 உங்களால் முடிகிற தொகை. முடிகிறதா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். பட்டியல் 1,738 என்று சொல்வதால் மட்டும் அது தானாக உத்தரவாகிவிடாது.

இதே 65:35 பிரிவைத்தான் நீதிபதி எடுப்பார் என்று எந்த வழக்கறிஞரும் உறுதி தர முடியாது. ஏயூஏ எதிர் ஏடிஇஸட் என்ற 2016 மேல்முறையீட்டு வழக்கில் சொன்னது: பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு பெற்றோர் இருவருக்கும் உண்டு, ஆனால் இருவரும் ஒரே அளவு பணம் தர வேண்டும் என்பதில்லை. (பெயருக்குப் பதில் எழுத்து வைப்பது குடும்பத்தின் மானத்துக்காக.) ஆகவே "பாதிப் பாதி" என்று எழுதிக்கொண்டு போகிறவரும் ஏமாறுவார், வருமான விகிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போகிறவரும் ஏமாறுவார். பிள்ளைகள் யாரோடு இருக்கிறார்களோ அவர் சமைப்பது, ராத்திரி காய்ச்சலுக்கு விழித்திருப்பது, பள்ளியிலிருந்து போன் வந்தால் வேலையை விட்டு ஓடுவது இதெல்லாம் பட்டியலில் வராத பங்கு. நீதிபதிக்கு அது தெரியும்.

பட்டியல் எங்கே உடைகிறது? மூன்று இடத்தில். ஒன்று, வீட்டுச் செலவை முழுசாகப் பிள்ளைகள் தலையில் எழுதுவது. மின்கட்டணம் 240ஐயும் பிள்ளைச் செலவாகப் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அந்த வரியில்தான் கைவைப்பார், அதோடு மற்ற வரிகள் மீதும் சந்தேகம் வரும். இரண்டு, ஒரே செலவு இரண்டு தடவை: கேண்டீன் காசு ஒரு வரி, "சாப்பாடு" என்பதில் மதிய உணவு மறுபடியும். மூன்று, ஆசைச் செலவு. பிரிவதற்கு முன்பு போகாத பியானோ வகுப்பு பிரிந்த மாதத்தில் திடீரென்று 220 வெள்ளிக்கு முளைப்பது. ஒவ்வொரு சோப்புக்கும் ரசீது கேட்கமாட்டார்கள், மொத்தத்தில் நியாயமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் துணைப்பாடம், பாலர் பள்ளி, காப்புறுதி போன்ற பெரிய வரிகளுக்கு ரசீது இல்லாமல் போகாதீர்கள்.

உங்கள் பக்கத்திலும் உடையும். கூடுதல் நேர ஊதியத்தை மறைத்து அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் சிபிஎஃப் சந்தா வரலாறு காட்டிக்கொடுத்துவிடும், போனஸ் வந்த மாதம் அதில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வழக்கு வந்ததும் வேலையை விட்டுவிட்டுச் சம்பளமே இல்லை என்பது இன்னும் மோசம். சம்பாதிக்கும் திறனைத்தான் பார்ப்பார்கள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கார் கடன், கிரெடிட் கார்டு நிலுவை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் எழுதலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் போக மீதியில்தான் அதற்கு இடம். வீட்டுக் கடன் உங்கள் சிபிஎஃப்பிலிருந்து போனால் அதைத் தனி வரியில் காட்டுங்கள், முழுசாகக் கழித்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மனைவிக்கான தொகை வேறு கணக்கு. மணவாழ்வு சட்டப்படி நீடிக்கும்போதே, மணமுறிவு கேட்காமலே, மாதர் சாசனத்தின் 69ஆம் பிரிவில் அவர் விண்ணப்பிக்கலாம். சிங்பாஸ் வழியாகக் குடும்ப நீதிமன்றத்தின் இணையத்தளமான ஐஃபேம்ஸில் போடுவது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் நியாயமான பராமரிப்பைத் தர மறுத்தீர்கள் அல்லது தவறினீர்கள் என்று அவர் காட்ட வேண்டும். ஆகவே இன்றைக்கே கொடுக்கத் தொடங்குங்கள், ரொக்கமாக வேண்டாம். வங்கி வழியாகப் பேநவ்வில் அனுப்பி "மே மாதப் பிள்ளைச் செலவு" என்று குறிப்பு எழுதுங்கள். கையில் கொடுத்த 500 வெள்ளிக்கு நீதிமன்றத்தில் சாட்சி இல்லை. சனிக்கிழமை விலங்குத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது பராமரிப்பு ஆகாது.

மணமுறிவுக்குப் பின் மனைவிக்கான தொகை சொத்துப் பிரிவினைக்குப் பிறகுதான் பேசப்படும். வீட்டில் அவருக்கு எவ்வளவு கிடைக்கிறது, வேலைக்குப் போகிறாரா, போக முடியுமா என்று பார்ப்பார்கள். வாழ்நாள் முழுக்க மாதச் சம்பளம் போல என்பதல்ல அது. முன்பெல்லாம் "மாதம் 1 வெள்ளி" என்று பெயருக்கு ஒரு உத்தரவு போட்டு வைப்பார்கள், பின்னால் கூட்டிக் கேட்கக் கதவு திறந்திருக்கட்டும் என்று. அது தானாகக் கிடைப்பதல்ல என்று 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அவர் மறுமணம் செய்தால் அவருக்கான தொகை நின்றுவிடும், பிள்ளைகளுக்கானது நிற்காது.

இதைப் படித்ததும் "சட்டம் பெண்களுக்கே" என்று எழுத வருபவர்களுக்கு: உடல் அல்லது மனநலக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத கணவரும் கேட்கலாம், 2016 திருத்தத்துக்குப் பிறகு. நல்ல உடம்போடு இருக்கும் கணவர் கேட்க முடியாது. அது நியாயமா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

நம் ஆட்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பெரியப்பா, தாய்மாமா, கோயிலில் பழக்கமான ஒருவர் என்று நாலு பேர் ஹாலில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் ஏ4 தாளில் "மாதம் 500, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சின்னவள் பாலர் பள்ளிக்கே 300 என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தாலிச் சங்கிலி யாரிடம் என்று மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தத் தாளில் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அப்பா அம்மா இருவருக்குமே அதிகாரம் இல்லை. நீதிமன்றம் அதை மாற்றலாம்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வரி: மணமுறிவும், மனைவிக்கான இத்தா கால நஃபகாவும் (மணமுறிவுக்குப் பின் காத்திருக்கும் காலத்துக்கான பராமரிப்பு) முத்ஆவும் (ஆறுதல் தொகை) ஷரியா நீதிமன்றத்தில், பிள்ளைகளுக்கான பராமரிப்பு குடும்ப நீதிமன்றத்தில்.

பிள்ளைகளுக்குப் பொதுவாக 21 வயது வரை. படிப்பு, தேசிய சேவை, உடற்குறை இருந்தால் அதற்குப் பிறகும் உத்தரவிட முடியும், 21 தாண்டிய பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம். உங்கள் மகன் தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் போகும்போது இது வரும். வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ உத்தரவை மாற்ற உடனே விண்ணப்பியுங்கள். நீங்களாகக் குறைத்துக் கொடுத்தால் மீதி பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து பாக்கி வழக்குகளுக்கு அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள், வங்கியிடமும் அரசாங்க அமைப்புகளிடமும் அவர்களே உங்கள் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்க முடியும். முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும் உத்தரவு வரலாம். தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு.

கடைசிக் கேள்வி. பார்க்க விடாவிட்டால் நிறுத்தலாமா? கூடாது. அவை இரண்டும் வேறு வேறு வழக்குகள், ஒன்றை மற்றொன்றுக்குப் பிணையாக வைக்க நீதிமன்றம் விடாது. பார்க்கும் உரிமைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அதுவரை எந்தச் சனிக்கிழமை எத்தனை மணிக்கு வாசலில் நின்றீர்கள், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். 1,130ஐ மட்டும் மாதம் முதல் தேதி பேநவ்வில் தவறாமல் அனுப்பிவிடுங்கள்.