கொம்பும் அரவும் தெரிந்த பிள்ளைக்கு

தங்கச்சி, இலங்கையின் ஹட்டனிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து மூன்று மாதம், மகள் இயர் வன்னில் படிக்கிறாள், பள்ளியிலிருந்து வரும் 'டைகிராஃப்' தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, வீட்டில் தமிழை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். அந்தத் தாளை விளங்கப்படுத்தத் தமிழ்தான் கைகொடுக்கும்.

டைகிராஃப் என்றால் இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தருவது, அவ்வளவுதான். மகளுக்கு 'கொ' எழுதத் தெரியுமல்லவா? முன்னால் கொம்பு, பின்னால் அரவு. கொம்பு மட்டும் என்றால் கெ, அரவு மட்டும் என்றால் கா. இரண்டும் சேர்ந்தால் வேறொரு ஒலி. 'கேக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நடுவில் வரும் ஆங்கில எழுத்து ஏயும் கடைசியில் வாய் திறக்காமல் நிற்கும் ஈயும் ஒரு சோடி; இடையில் கே என்ற எழுத்து. கொம்புக்கும் அரவுக்கும் நடுவில் 'க' நிற்கிற மாதிரியேதான். என் மகனுக்கு இப்படிச் சொன்ன அன்றே பிடிபட்டுவிட்டது.

தொல்லை எங்கே என்றால், நம்முடைய கொம்பும் அரவும் ஒருநாளும் பேச்சு மாறாது. ஆங்கிலச் சோடி மாறும். நான் தலவாக்கலைப் பக்கம். எட்டு வயதில் அங்குள்ள கிரேட் வெஸ்டர்ன் ரயில் ஸ்டேஷன் பலகையில் ஆங்கிலத்தைக் 'கிரீட்' என்று வாசித்துவிட்டு, தமிழில் 'கிரேட்' என்று பிழையாக எழுதியிருக்கிறார்கள் என அப்பாவோடு வாதாடினேன். என் பக்கமும் நியாயம் இருந்தது: டீயிலும் கொழுந்துக்கான லீஃபிலும் ஈ, ஏ என்ற ஆங்கில எழுத்துகள் சேர்ந்தால் 'ஈ' ஒலிதானே! கிரேட்டில் அதே சோடி 'ஏ', பாணைக் குறிக்கும் பிரெட்டில் 'எ'. ஆகவே 'இரண்டு உயிரெழுத்து சேர்ந்தால் முதலாவதுதான் பேசும்' என்ற விதியை யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள். முதலில் டீ, லீஃப், சீட் என்று ஒரே ஒலிக் கூட்டத்தை நன்றாகப் பழக்குங்கள். கிரேட், பிரெட் எல்லாம் அப்புறம், தனித்தனியாக.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு சின்னப் பிடி: ஏ ஒலி சொல்லின் நடுவில் வந்தால் பெரும்பாலும் ஏ, ஐ என்ற ஆங்கில எழுத்துகளைப் போடுவார்கள், ரெயின், டிரெயின் மாதிரி. கடைசியில் வந்தால் ஏ, வை. டே, பிளே மாதிரி.

ஜூனில் ஒரு வாசிப்புச் சோதனை வரும், பயப்படவேண்டாம். 2012 முதல் நடக்கிறது. 40 சொற்கள், அதில் 20 பொருளே இல்லாதவை, பக்கத்தில் ஏதாவது விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். பிள்ளை மனப்பாடத்தில் சொல்கிறதா, எழுத்தைப் பார்த்து ஒலிக்கிறதா என்று அறியத்தான் அது. பயிற்சித் தாளில் இருந்த அப்படியொரு சொல்லுக்கு அகராதியில் அரைமணி நேரம் அர்த்தம் தேடியவன் நான்.

நாளைக்கே வகுப்பு டீச்சரிடம் அவர்கள் பாவிக்கும் ஒலி அட்டையில் ஒன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் உச்சரிப்பை யாரும் அங்கே பார்ப்பதில்லை, கூச்சப்படாமல் கேளுங்கள்.