எங்கள் தெருவில் எத்தனை அடி? வெள்ள வரைபடம் பற்றிய கேள்வி பதில்

சென்னையைச் சுற்றியுள்ள ஆறுகளின் வெள்ள மட்டத்தை அளந்து வரைபடத்தில் ஏற்றும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். 2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு பழைய வரைபடங்களைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்தது. திருத்திய வரைபடம் கையில் வந்தாலும் அதை எப்படிப் படிப்பது என்று பலருக்கும் குழப்பம். என்னிடம் வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மேடவாக்கம்): வரைபடத்தில் எங்கள் தெரு மஞ்சள், பக்கத்துத் தெரு சிவப்பு. எங்களுக்கு ஆபத்து இல்லைதானே சார்?

அவசரப்பட வேண்டாம். முதலில் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் நிறக்குறிப்பைப் படியுங்கள். ஒரு வரைபடத்தில் நிறம் ஆழத்தைக் காட்டும். இன்னொன்றில் எத்தனை தடவை வெள்ளம் வந்தது என்பதைக் காட்டும். இரண்டும் வேறு வேறு.

உங்கள் வரைபடத்தில் மஞ்சள் என்றால் அரை மீட்டர் வரை தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சின்ன விஷயம்தான், முழங்கால் அளவு. ஆனால் உங்கள் வீட்டுப் பேஸ்மட்டம் தெருவிலிருந்து ஒன்றரை அடி என்றால், ஹாலில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் நிற்கும். ஃப்ரிட்ஜ், கட்டில் கால், பீரோவின் கீழ்த்தட்டு எல்லாம் போகும். பேஸ்மட்டம் மூன்று அடி என்றால் அதே மஞ்சளில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவே வரைபடத்திடம் கேட்க வேண்டியது மூன்றுதான்: எத்தனை அடி, எவ்வளவு மழைக்கு, எந்தப் பக்கமிருந்து. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கும் கோடு மதில் சுவர் கிடையாது. தண்ணீர் அங்கே வந்து நின்றுவிடாது.

கேள்வி (குரோம்பேட்டை): 2015-இல் வந்தது நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றார்கள். அப்படியென்றால் இனி 2115 வரை கவலை இல்லையா?

இந்தச் சொல்லால் விளைந்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத கூட்டமே இல்லை என்று சொல்லலாம்.

‘நூறு வருட வெள்ளம்’ என்றால், எந்த ஒரு வருடத்தை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். போன வருடம் வந்துவிட்டதே என்பதற்காக இந்த வருட வாய்ப்பு குறையாது. பல வருடங்களுக்குச் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும். வீட்டுக் கடனை 20 வருடம் கட்டுகிறீர்கள் என்றால், அந்தக் காலத்துக்குள் ஒரு தடவையாவது அது வர 18 சதவீத வாய்ப்பு. லூடோ பகடையை ஒருமுறை உருட்டும்போது ‘ஒன்று’ விழும் வாய்ப்பைவிட இது சற்று அதிகம். 30 வருடம் குடியிருந்தால் 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ‘நூறு’ என்ற கணக்கு பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்டது. ஏரி சுருங்கி, வயல் எல்லாம் கான்கிரீட் ஆனபின் அதே மழை அதிகத் தண்ணீராக, சீக்கிரமாக ஆற்றுக்கு வருகிறது. முன்பு நூறு வருடத்துக்கு ஒன்று என்று எழுதியது இன்று அதைவிட அடிக்கடி வரக்கூடும். வரைபடத்தை ஒருமுறை போட்டு பீரோவில் வைத்துவிட முடியாது என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (முடிச்சூர்): செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால்தான் நாங்கள் மூட்டை கட்டுவோம். அது சரிதானா அண்ணா?

சரியில்லை. தயவுசெய்து இதைப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கம் இருக்கின்றன. உங்களுக்கு வரும் தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் (உபரிநீர் தானாக வழியும் தடுப்பு) வழிந்து வருவது. அதற்கு யாரும் ஷட்டரைத் தூக்க வேண்டியதில்லை, அபாயச் சங்கு ஊத மாட்டார்கள், டிவியிலும் செய்தி ஓடாது.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. அது விநாடிக்குச் சுமார் 8 லட்சம் லிட்டர். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு அந்த எண் உயிர் போகிற விஷயம். உங்களுக்கு முக்கியம் வேறு: தாம்பரத்தில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, மேலே இருக்கும் ஏரிகள் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன. அந்த நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது ஒரே ராத்திரியில் 20 செ.மீ. வருகிறது என்று வானிலை மையம் சொன்னால், ஏரிச் செய்திக்குக் காத்திருக்காமல் வண்டியை மேட்டில் விட்டுவிடுங்கள்.

கேள்வி (பள்ளிக்கரணை): 2015-ஐவிட 2023 மிக்ஜாம் புயலில்தான் எங்கள் பக்கம் தண்ணீர் அதிகம் நின்றது. வரைபடம் ஏன் அதைக் காட்டவில்லை?

பழைய வரைபடங்களில் பல, ஆறு கரை உடைத்தால் என்ன ஆகும் என்று மட்டும் கணக்கிட்டவை. உங்கள் பக்கத்துக் கதை ஆறு சம்பந்தப்பட்டதில்லை. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடல். வழி இருப்பது இவ்வளவுதான். புயல் கரையை ஒட்டி நிற்கும்போது கடல் மட்டமே உயர்ந்திருக்கும். முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அப்போது சதுப்பு நிலம் நிறைந்த தட்டு மாதிரி ஆகிவிடும். மேலும் பெய்கிற ஒவ்வொரு சொட்டும் தெருவில் நிற்கும்.

2022-இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அதைப் பறவைகளுக்காக என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்த நிலம் உங்கள் பகுதிக்கு வடிகால் தொட்டி. அதில் கொட்டும் ஒவ்வொரு லாரி மண்ணும் உங்கள் ஹாலுக்கு வரும் தண்ணீர்.

கேள்வி (காயல்பட்டினம், தூத்துக்குடி மாவட்டம்): எங்கள் ஊருக்குள் ஆறு ஓடவில்லை. ஆனாலும் 2023 டிசம்பரில் மூழ்கினோம். இதற்கு வரைபடம் போட முடியுமா?

முடியும், போட்டே ஆக வேண்டும். உங்கள் ஊரில் ஒரே நாளில் பெய்தது 95 செ.மீ. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையின் மேல் மட்டும் விழுந்தது 2 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினேழு வந்து உங்கள் மனையில் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி மழை வெள்ளத்துக்குத் தெருத் தெருவாகப் பள்ளம் மேடு அளந்த வரைபடம் வேண்டும். ஆற்றங்கரை ஊர்களுக்கு மட்டும்தான் வெள்ள வரைபடம் என்ற எண்ணத்தை அந்த இரண்டு நாள் மாற்றியிருக்க வேண்டும்.

கேள்வி (போரூர்): போனில் வீட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 11 மீட்டர் என்று காட்டுகிறது. போதாதா?

அந்த எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பல, செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்தவை. மரத்தின் உச்சியையும் மொட்டை மாடியையும் தரை என்று எடுத்துக்கொள்ளும். மீட்டர் கணக்கில் தப்பு வரும். தட்டையான சென்னையில் ஒரு முழம் வித்தியாசம்தான் வீட்டுக்குள் தண்ணீரா, வாசலில் தண்ணீரா என்று தீர்மானிக்கிறது. நல்ல வரைபடத்துக்கு விமானத்திலிருந்து லேசர் கொண்டு தரையை அளப்பார்கள். அப்புறம் ஆற்றின் குறுக்களவு, பாலம், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம் எல்லாம் ஆள் இறங்கி அளந்து சேர்க்க வேண்டும். பாலத்தின் கண்ணில் பாதி மண் அடைத்திருந்தால் அதைக் கம்ப்யூட்டர் தானாகக் கண்டுபிடிக்காது.

கேள்வி (நங்கநல்லூர்): ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. இதெல்லாம் வரைபடத்தில் வருமா?

அளந்த தேதிக்குப் பிறகு போட்ட ரோடு வராது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். சுரண்டாமல் போட வந்தால் தெருவாசிகள் சேர்ந்து நின்று கேளுங்கள், மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். வரைபடத்தில் ஆழத்தைப் பார்க்கும்போது, தெரு உயர்ந்த அளவை நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி (அம்பத்தூர்): மனை வாங்கப் போகிறேன். புரோக்கர் ‘இங்கே தண்ணீரே நிற்காது’ என்கிறார். எதைப் பார்க்க வேண்டும்?

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். சுற்றியுள்ள வீடுகளில் மோட்டார், ஈபி மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கவனியுங்கள். ஊரில் எல்லோரும் மீட்டரை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி மாட்டியிருந்தால் காரணம் இருக்கும். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரரிடமும், அயர்ன் வண்டி வைத்திருப்பவரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு விற்பதற்கு மனை கிடையாது.

அப்புறம் சர்வே எண்ணை வைத்து, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நில வகைப்பாடு என்ன என்று பாருங்கள். புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) மனையை ஒட்டி வாய்க்கால், ஓடை என்று கோடு போகிறதா பாருங்கள். இன்று அங்கே வாய்க்கால் தெரியாமல் இருக்கலாம். தண்ணீருக்கு வழி மறக்காது. ஊர்ப் பெயரையும் தள்ளிவிடாதீர்கள். தாங்கல், ஏந்தல், ஏரி, மடுவு என்று முன்னோர் காரணமில்லாமல் வைக்கவில்லை. மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, ஏரிகள்தான் இல்லை. தி.நகர் உருவானதே 1920-களில் மயிலாப்பூர் நெடிய ஏரியைத் தூர்த்துத்தான்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றார்): வரைபடத்தில் சிவப்பு வந்தால் வீட்டு விலை விழும். அரசு வெளியிடாமலேயே இருக்கலாமே?

உங்கள் வருத்தம் புரிகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்ட வீடு. ஆனால் மறைத்தால் என்ன நடக்கும்? தெரியாமல் இன்னொரு குடும்பம் கடன் வாங்கி அதே வீட்டை வாங்கும். கைக்குழந்தையோடு கீழ்த்தளத்தில் குடியேறும். வெள்ளச் சமவெளியை வகைப்படுத்தி, எங்கே எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் மாதிரிச் சட்டத்தை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. நிறைவேற்றியவை மணிப்பூர், ராஜஸ்தான் போன்ற ஒரு சில மாநிலங்களே. மற்ற இடங்களில் தயங்கியதற்கு நீங்கள் சொல்லும் இதே பயமும் ஒரு காரணம். அந்தத் தயக்கத்துக்குள்தான் இத்தனை நகர்களும் எழுந்தன. தண்ணீர் வரும் என்று தெரிந்தால் வடிகால் கேட்கலாம், பேஸ்மட்டம் உயர்த்தலாம், காப்பீடு எடுக்கலாம். எந்த வரைபடத்தையும் மறைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி (வேளச்சேரி): காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பணம் வருமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் வராது. முழுக் காப்பீடு என்றால் வரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து இன்ஜின் போனால், இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகக் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். சாவியைத் தொடாதீர்கள், டோ செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்கு 2021 முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. வெள்ளமும் அதில் அடக்கம்.

கேள்வி (ஜாபர்கான்பேட்டை): 2015-இல் தண்ணீர் நின்ற கறை எங்கள் மாடிப்படிச் சுவரில் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். அம்மா அதை அழிக்க வேண்டாம் என்கிறார். அதனால் யாருக்காவது பயன் உண்டா?

அம்மா சொல்வதைக் கேளுங்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கணக்கானாலும் கடைசியில் இந்த மாதிரிக் கறையோடு வைத்துத்தான் சரிபார்க்கிறோம். அந்த டிசம்பரில் டேப்பும் நோட்டுமாகத் தெருத் தெருவாகப் போனபோது, ஒரு வீட்டில் சுவரில் இரண்டு கோடு இருந்தது. கீழே தடித்த பழுப்புக் கோடு, அதற்கு ஒரு சாண் மேலே பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லியது. நான் தடித்ததை அளக்கப் போனேன். அந்த வீட்டுப் பாட்டி கையைப் பிடித்து நிறுத்தி, “அது ரெண்டு நாள் நின்னதுப்பா. ராத்திரி ஏறினது இது” என்று மேல் கோட்டில் விரலை வைத்தார். அவர் சொன்னதுதான் சரி. உச்ச மட்டத்தில் தண்ணீர் கொஞ்ச நேரமே நிற்கும், கறை மெலிதாக விழும். ஜன்னல் கம்பி வலையில் ஒட்டியிருந்த வண்டலும் அதே உயரத்தில் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சுவரில் ஈரம் ஊறி ஏறிய தடத்தை விட்டுவிட்டு, வண்டல் படிந்த மேல் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பைச் சுவரில் பிடித்து, வீட்டுத் தரையிலிருந்து ஒரு அளவு, தெருவிலிருந்து ஒரு அளவு எடுங்கள். எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலால் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) அதே மட்டத்தைத் தெருமுனைச் சிறுபாலம் வரை கொண்டுபோய்க் குறித்தால், ஒரு தெருவுக்கே அளவு கிடைத்துவிடும். எந்த நாள், எத்தனை மணிக்கு ஏற ஆரம்பித்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது வடிந்தது என்று அம்மாவிடம் கேட்டு அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஒரு பிரதியை மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கொடுங்கள்.

பிறகு தாராளமாக வெள்ளையடியுங்கள். அந்த உயரத்தில் மட்டும் ஒரு கோடு கொத்தி, 1.12.2015 என்று பெயின்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை கீழ் வீட்டுக்குக் குடிவருபவர் படியேறும்போது பார்ப்பார்.