பரணும் மக்காச்சோளமும் (கடிதம்)

வணக்கம் சார்,

தெற்கு டெக்சாஸ் வில்வேட்டை பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். மக்காச்சோளத்தைக் கொட்டி மானை வரவழைத்து, பரணில் உட்கார்ந்து அம்பு விடுவதில் என்ன வீரம் இருக்கிறது? துப்பாக்கியால் சுட்டால் மானுக்கு வேதனையாவது குறையுமே?

க., சேலம்

அன்புள்ள க.,

வீரம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் சோளத்தைக் கொட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், வில்லுக்கு அங்கேதான் ஆரம்பமே.

சான் அன்டோனியோவுக்குத் தெற்கே ரியோ கிராண்டே ஆறு வரை கிடக்கும் முட்காடு அது. ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்றிருக்கும், ஏனென்றால் அங்கே நிற்கும் மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், இடையிடையே சப்பாத்திக்கள்ளி வேறு. மரமெல்லாம் குட்டை, ஏறி உட்கார முடியாது, அதனால்தான் மூன்றுகால் இரும்புப் பரண். புதருக்குள் மான் நின்றாலும் தெரியாது என்பதால் புதரை வெட்டி நேராகப் போட்ட பாதைகளில், செண்டேரோ என்பார்கள், சோளம் போடுகிறார்கள். டெக்சாஸில் பெரும்பாலும் தனியார் நிலம்தான், அதில் இரை போடுவது சட்டப்படி சரி.

சரி, மான் வந்துவிட்டது. துப்பாக்கி என்றால் 200 கெஜத்தில் நின்றாலும் சுடலாம், வில்லுக்கு 20, மிஞ்சினால் 30 கெஜம். அவ்வளவு கிட்டத்தில் காற்று கொஞ்சம் திரும்பினாலும் உங்கள் வாடை அதற்குப் போய்விடும். நாணை இழுக்கும் அசைவையும் பார்த்துவிடும், அதன் தலை ஒரு புதருக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்துதான் இழுக்க வேண்டும். அம்பு வினாடிக்கு 300 அடிக்குக் கொஞ்சம் கூடக் குறையப் போகும், சத்தமோ 1,100 அடி. அதாவது 30 கெஜத்தில் நாண் அதிர்கிற சத்தம் அம்புக்கு ஏறக்குறைய கால் வினாடி முன்னாலேயே போய்ச் சேர்கிறது. மிரண்டு நிற்கும் வெள்வால் மான் அந்தக் கால் வினாடியில் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது படக்கூடாத இடத்தில் படும். காதை விறைத்துக்கொண்டு நிற்கிற மான்மேல் அம்பு விடாதே என்று அங்கே சொல்வது இதனால்தான்.

வேதனை பற்றிய கேள்வி நியாயமானது. அம்பு ரத்தம் போக வைத்துத்தான் கொல்லும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்துவிட்டால் சில வினாடிகளில் விழுந்துவிடும். குடலில் பட்டாலோ கொடுமை, உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், பல மணி நேரம் விட்டுத்தான் தேடிப் போக வேண்டும். கை நடுங்கினாலும் துப்பாக்கி கொஞ்சம் மன்னிக்கும், வில் மன்னிக்காது. அதனால் பயிற்சி இல்லாதவன் கையில் வில் இருப்பதைவிட துப்பாக்கி மேல் என்பதில் நான் உங்கள் கட்சி.

சோளம் எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. உறுத்துவது அதே ஊரில் உயரமான வேலிக்குள் பெரிய கொம்புக்காகவே மானை வளர்த்து, கொம்பின் அளவுக்கு விலை வைத்து விற்கிற வியாபாரம். அங்கே பரணும் வில்லும் வெறும் வேஷம். அதைக் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.